ஃபிளட்வாட்ச் இந்தியா செயலி: சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

ஆறுகளின் வெள்ள நிலையைக் காட்ட மத்திய நீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்தச் செயலி ஆற்றங்கரையில் குடியிருக்கும் எவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது.

வரைபடத்தில் முதலில் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ஆறு இயல்பாக ஓடுகிறது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆரஞ்சு என்றால் அபாய மட்டத்தை. அந்த இடத்தில் இதுவரை பதிவான உச்ச வெள்ளத்தைத் தொட்டால்தான் சிவப்பு. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. மஞ்சளிலேயே மூட்டை கட்டத் தொடங்க வேண்டும். 24 மணி நேர முன்கணிப்பு கிடைப்பது இதன் பெரிய பலம்.

2024இல் வந்த இரண்டாம் பதிப்பில் 150 பெரிய அணைகளின் நீர் இருப்பும் சேர்ந்தது. இங்கேதான் கவனம் தேவை. 95 சதவீதம் என்பது எல்லா அணைக்கும் ஒரே பொருள் தராது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; 95 சதவீதத்தில் இன்னும் 4.67 டி.எம்.சி.க்கு இடம் இருக்கும். வினாடிக்கு 1 லட்சம் கன அடி வந்தாலும், மதகைத் திறக்காமலே நிரம்ப 13 மணி நேரம் ஆகும். சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி மொத்தமே 3.645 டி.எம்.சி.தான். அதே 95 சதவீதத்தில் 20,000 கன அடி வந்தால் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டதை மனதில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆகவே நீர்வளத் துறையின் தினசரி அறிக்கையில் வரத்து, திறப்பு, மீதி இடம் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செயலி காட்டாத வெள்ளமும் உண்டு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அணைகளுக்குக் கீழே, சமவெளியில் பெய்த மழை அது. குளங்களின் கரை உடைந்து ஊருக்குள் புகும் தண்ணீரை ஆற்று நிலையத்தின் அளவுகோல் அறியாது. கடல் சூடேறச் சூடேற இப்படிப்பட்ட பேய்மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. எனவே பச்சை நிறத்தை நம்பி, வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள்.

வெளியானபோது ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. கரையோர மக்களுக்கான எச்சரிக்கை அவர்கள் மொழியில் இல்லாமல் வெளிவந்தது பெருங்குறை. அதற்காகவே 5க்கு 3 மதிப்பெண்.