குன்னூரில் வாடகை வாக்கி-டாக்கி: செட் பரவாயில்லை, கூட வரும் அட்டைதான் விசேஷம்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ட்ரெக்கிங் சாமான் வாடகைக்கு விடும் கடை ஒன்றில், நான்கு வாக்கி-டாக்கி, சார்ஜர்கள், இரண்டு பக்கமும் அச்சடித்து லேமினேட் போட்ட ஓர் அட்டை எல்லாம் ஒரே பெட்டியில் தருகிறார்கள். எஸ்டேட் வேலைக்காரர்கள், மலையேறுகிறவர்கள், இரண்டு மூன்று வேனில் வரும் கல்யாணக் கோஷ்டிகள் என்று செல்போன் டவர் கிடைக்காத இடத்துக்குப் போகிற யாருக்கும் இது உதவும்.

செட் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் 16 சேனல், அரை வாட் ரகம். 2018 விதிகளின்படி இந்த அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. செட்டுக்கு இடிஏ எனும் கருவி வகை ஒப்புதல் மட்டும் இருக்க வேண்டும். அந்த நகலைக் கேட்டதும் எடுத்துக் காட்டுகிறார்கள். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் "10 கி.மீ." என்பதை மட்டும் நம்பாதீர்கள். கேத்தி பள்ளத்தாக்கில் எதிர் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் நாலு கிலோமீட்டர் தாண்டியும் குரல் சுத்தமாக வரும். நடுவில் ஒரு மலைத்தோள் குறுக்கிட்டால் அரை கிலோமீட்டருக்குள்ளேயே செத்துவிடும். மூடுபனி ஒரு தடையே இல்லை. மழையில் நனைந்த சோலைக்காட்டு இலைதான் அலையை விழுங்குகிறது. பத்தடி நகர்ந்து வெட்டவெளிக்கு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு செட்டில் விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை என்றால் பெரும்பாலும் சப்-டோன் எண் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலியின் எண்) மாறியிருக்கும். நான்கிலும் ஒரே எண்ணை வையுங்கள். இந்த எண் உங்கள் பேச்சை மறைக்காது; அடுத்தவர் சத்தம் உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

இனி அட்டை. முதல் வரியே "பட்டனை அழுத்து, ஒரு விநாடி பொறு, பிறகு பேசு". இதைச் செய்யாததால்தான் "வராதே" என்று சொன்னது அந்தப் பக்கம் "தே" என்று மட்டும் கேட்கிறது. இது பழைய வியாதி. 1930களின் அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில், பட்டனை அழுத்திய பிறகு சின்ன மோட்டார் ஜெனரேட்டர் ஒன்று சுழன்று வேகம் பிடித்தால்தான் டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் போகும். அதற்குள் முதல் அசை காணாமல் போகும். அதனால்தான் செய்திகளைக் குறிக்கும் எண்களுக்கு முன்னால் "டென்" சேர்த்தார்கள்: போனால் அது போகட்டும், முக்கியமான எண் தப்பிக்கட்டும் என்று. "செய்தி கிடைத்தது" என்பதற்கு "டென்-ஃபோர்" வந்த வழி இதுதான். அட்டையில் இந்தப் பட்டியல் முழுதாக இருக்கிறது, ஆனால் நாலு பேர் கோஷ்டிக்கு அது வீண் சுமை.

ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் தரும் எழுத்துப் பட்டியல்தான் உண்மையில் காப்பாற்றும். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் "பி"தான். காற்றடிக்கும்போது காதுக்கும் அப்படித்தான். "பிராவோ", "பாப்பா" என்றால் குழப்பமில்லை. ஊட்டி வண்டியின் டி.என். 43, "டேங்கோ நவம்பர் ஃபோவர் ட்ரீ" ஆகும். ஒன்பதை "நைனர்" என்பது, "ஃபைவ்" என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இந்தப் பட்டியலைப் பல நாட்டார் காதில் சோதித்துத் திருத்தினார்கள். 1951 நவம்பரில் விமானங்களுக்கு வந்த வடிவத்தில் கோகா, மெட்ரோ, நெக்டர், யூனியன், எக்ஸ்ட்ரா என்று இருந்தன. நிறையக் குழப்பம் வந்ததால் அந்த ஐந்தும் மாறி, சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்ரே என்று 1956 மார்ச் 1 முதல் நிலைத்தது. அட்டை சறுக்குவது இங்கேதான்: முதல் இரண்டு வரி "ஏபிள், பேக்கர்", நாலாவது "டெல்டா". ஏபிள், பேக்கர் எல்லாம் 1941இல் அமெரிக்கப் படைகள் வைத்த பட்டியல். இரண்டையும் கலப்பது தவறு; "ஆல்ஃபா, பிராவோ" என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பட்டியலிலிருந்து பதில் சொல்லாக இன்றும் நீடிப்பது "ரோஜர்". மோர்ஸ் தந்தியில் "கிடைத்தது" என்பதற்கு ஆர் அடிப்பார்கள். ஆருக்கு அன்று ரோஜர். எழுத்து ரோமியோவாக மாறியும் பதில் மாறவில்லை. ரோஜர் என்றால் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் பொருள். செய்கிறேன் என்பதற்கு "வில்கோ".

கடைசி வரியில் "ஓவர் அண்ட் அவுட்" என்று போட்டிருப்பதையும் அடித்துவிடலாம். ஓவர் என்றால் நீ பேசு, அவுட் என்றால் பேச்சு முடிந்தது, இரண்டும் சேராது. "ரிப்பீட்" போடாமல் "சே அகெய்ன்" போட்டதற்குப் பாராட்டு. பீரங்கிப் படையில் ரிப்பீட் என்றால் அதே இடத்தில் மறுபடி சுடு என்று பொருள். ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டனுக்குப் பக்கத்து ஊரில் இதைக் கவனிக்க ஆள் இருக்கும்.

ஆபத்தில் உதவி கேட்கும் "மேடே" பகுதி சரியாக இருக்கிறது. 1923இல் லண்டன் குராய்டன் விமான நிலையத்து ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்ட் உருவாக்கியது. பாரிஸ் விமானங்கள் அதிகம் என்பதால், "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்தார். மூன்று முறை சொல்ல வேண்டும் என்பதும் அட்டையில் உண்டு. ஆனால் இந்தச் சேனலைப் போலீஸோ தீயணைப்புத் துறையோ கேட்டுக்கொண்டிருக்காது. உங்கள் கோஷ்டிதான் கேட்கும். ஆகவே ஒருவரை டவர் கிடைக்கும் மேட்டில் நிறுத்துங்கள். அவர் 112ஐ அழைக்கட்டும். இதை அட்டை சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

எடுக்கும்போது கடையிலேயே நான்கையும் ஒரே சேனலில் வைத்து, தெருமுனை வரை நடந்து சோதியுங்கள். ஆன்டெனா திருகு தளர்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் செட்டை ஸ்வெட்டருக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வாடகைக்கு எடுக்கலாம், அட்டையில் மூன்று வரியைத் திருத்திவிட்டு.