துயரை எழுதுவதா, நன்றியை எழுதுவதா?
1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது தாத்தா இழந்த மளிகைக் கடையின் சாவியை, அப்பத்தா யாங்கூன் வீட்டில் கடைசிவரை முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தார். சொல்லப்படாத அத்தகைய துயரை எழுதித் தீர்ப்பது நல்லதா, கிடைத்த நன்மைகளைக் குறித்து வைப்பது நல்லதா?

1986-இல் உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் தம் வேதனையை எழுதினர். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆயினும், நிகழ்ச்சியோடு அது எழுப்பிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த 6 மாதங்களில் மருத்துவ உதவியை நாடுவது குறைந்தது.

எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம், வாரத்துக்கு ஐந்து நன்மைகள் வரை குறித்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கண்டனர். இது எளியது, மனத்தை நோகடிக்காதது. ஆனால் உள்ளே புதைந்ததை இது தொடுவதில்லை.

ஆகவே பழைய துயருக்கு முதல் வழியையே நான் தேர்வேன். காயம் புதிதாக இருக்கையில் மட்டும் அதைக் கிளறாமல் நன்மைகளை எழுதலாம். அந்தச் சாவியைப் பற்றி எழுதிய முதல் இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை. நான்காம் இரவில்தான் தாத்தாவின் சிரிப்பும் நினைவுக்கு வந்தது.