வெள்ளவத்தையில் ஒரு பாரிசவாத முற்பரிசோதனை: மதுசாரத்தைப் பற்றிக் கேட்டறியும் விதம்

வெள்ளவத்தையில் தனியார் மருத்துவ நிலையமொன்று நடத்தும் பாரிசவாத முற்பரிசோதனைக்கு, ஐம்பதைக் கடந்த என் அண்ணாவை அழைத்துச் சென்றிருந்தேன். குருதியமுக்கம், குருதிச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி, கழுத்து நாடிகளின் ஸ்கேன் ஆகியவற்றுக்குப் பின் வைத்தியருடனான சந்திப்போடு அது நிறைவடைகிறது. கருவி எதுவும் தேவைப்படாத அந்தச் சந்திப்புத்தான் இச்சேவையின் உண்மையான பெறுமதி என்பது என் துணிபு.

முன்பு வேறோரிடத்தில் இத்தகைய பரிசோதனை செய்தபோது, குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு அண்ணா 'எப்போதாவது' என்றார். படிவத்தில் ஒரு கோடு விழுந்தது, அத்துடன் அந்த விடயம் முடிந்தது. இங்கே வைத்தியர், "எப்போதாவது என்றால் எந்தெந்த நாள் ஐயா? போயாவுக்கு முதல் நாள் வாங்கி வைப்பீர்களா? ஓர் இரவில் போத்தலில் எவ்வளவு குறையும்?" என்று கண்டிப்பில்லாத குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாரத்தில் மூன்று இரவுகள், ஒவ்வோர் இரவும் கால் போத்தல் சாராயம் என்ற விடை அப்போதுதான் வெளிவந்தது. 33.5 சதவீத மதுசாரம் கொண்ட சாராயத்தில் 180 மில்லிலீற்றர் என்பது ஏறத்தாழ 48 கிராம் தூய மதுசாரம்; மூன்று இரவுகளுக்கு அது 140 கிராமைத் தாண்டும். பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டலில் வாரத்துக்கான மேலெல்லை 14 அலகுகள், அதாவது 112 கிராம் என்பதை வைத்தியர் தாளில் எழுதிக் காட்டியபோது அண்ணா எதுவும் பேசவில்லை.

'அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்று எங்கள் வீடுகளில் சொல்லப்படுவதையும் அவர் தட்டிக்கழிக்காமல் விளக்கினார். உடல்நலம் கெட்டதால் குடியை விட்டவர்களும் பழைய ஆய்வுகளில் குடிக்காதோர் கணக்கில் சேர்ந்துவிட்டதால், சிறிது குடிப்போர் ஒப்பீட்டில் நலமானவர்களாகத் தோன்றினர். 2019இல் வெளியான சீன ஆய்வு, மதுசாரத்தைத் தாங்க முடியாதபடி செய்யும் பிறவி மரபணு வேறுபாடுகளைக் கொண்டு இந்தக் குழப்பத்தை விலக்கிப் பார்த்தது. அதில் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு குவளைகளே பாரிசவாத ஆபத்தை 10 முதல் 15 சதவீதம் வரை கூட்டுவதாகவும், நான்கு குவளைகளில் அது 35 சதவீதமளவுக்கு உயர்வதாகவும் அறியப்பட்டது. குருதியமுக்கம் உயர்வது இதற்கு முதன்மையான காரணம். மூளைக்குள் நாடி வெடித்து ஏற்படும் குருதிக்கசிவுடன் மதுசாரத்தின் தொடர்பு இன்னும் வலுவானது. ஒரே இரவில் மிகுதியாகக் குடிக்கும்போது இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து, இதய அறையில் குருதி உறைந்து, அந்தக் கட்டி மூளை நாடியை அடைக்கவும் கூடும். ஈசிஜி எடுப்பதன் நோக்கங்களுள் அந்த ஒழுங்கின்மையைக் கண்டறிவதும் ஒன்று என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம். பாரிசவாதம் வராதவர்களின் மூளையும் தப்புவதில்லை: பிரித்தானியாவில் 36,000க்கும் அதிகமானோரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஓரிரு அலகுகள் அருந்துவோரிடமே மூளையின் கன அளவு குறைந்திருப்பது காணப்பட்டது.

அண்ணாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு அண்ணியையும் உள்ளே அழைத்தார் வைத்தியர். குடிக்கும் ஒருவருக்கு இரவில் வாய் கோணி, நா குழறி, நடை தள்ளாடினால், 'போதையில் இருக்கிறார், தூங்கினால் சரியாகிவிடும்' என்று வீட்டார் விட்டுவிடும் ஆபத்து பெரியது. கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், விடியும்வரை காத்திருப்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் உடனே 1990 இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள் என்று அண்ணியிடம் அவர் இருமுறை சொல்லிக் கொடுத்தார். குடிப்பவர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாத பொதுமக்களுக்குக் கழுத்து நாடி ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இலும் பரிந்துரைத்திருக்க, இங்கே அது எல்லோருக்கும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுக் கட்டணத்தை ஏற்றுகிறது. கையேடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. வெள்ளவத்தையில் தமிழ்க் கையேடு இல்லாதிருப்பதை ஏற்க முடியாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்படலாம் என்பதால் வைத்தியக் கண்காணிப்பு தேவை என்பதை வைத்தியர் வாயால் சொன்னாரே தவிர, அது எழுத்தில் எங்கும் தரப்படவில்லை.

குருதியமுக்கத்தையும் சீனியையும் மட்டும் பார்க்க விரும்புவோர் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். இங்கே செல்வதாயின், தமிழில் உரையாடும் வைத்தியர் எல்லா நாட்களிலும் வருவதில்லை என்பதால் நேரம் ஒதுக்கும்போதே அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.