தரை போன ஹெரால்டு: வெல்டிங்கா, ஃபைபரா?

காருக்குள் கிடந்த மிதியடியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தேன். கியர் பக்கம் ‘டங்’ என்று கேட்ட சத்தம், குதிகால் ஊன்றும் இடத்துக்கு வந்ததும் ‘தப்’ என்று அடங்கியது. திருப்பிப் பிடித்து முனையால் லேசாக அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிற்று. ஓட்டை வழியே கொட்டகையின் மணல் தெரிந்தது. அதில் ஒரு நண்டு வளையும் தெரிந்தது.

தேவிபட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சும்மா நின்ற வண்டி அது. சித்தப்பாவின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 948 சிசி, நான்கு சிலிண்டர். பானெட்டை மட்கார்டுகளோடு சேர்த்து அப்படியே முன்னால் கவிழ்த்துவிட்டு, டயர்மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். கவலையெல்லாம் காலுக்குக் கீழே இருந்தது.

ஹெரால்டையும் நான் ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில்தான் சேர்ப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்து 1959இல் பிரிட்டனில் வெளிவந்தது டிரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டியாக 1962இல் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆக, என் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்காள். இந்த உறவுமுறை வெறும் பெருமைக்கு இல்லை, வேலைக்கும் தேவைப்பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தரைக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ராமநாதபுரத்து டிங்கரிங் பட்டறைக்காரர், அழுகியதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் ஃபைபர் என்றார்கள். அதில் வியப்பில்லை. மர வள்ளம் ஓட்டியவர்கள் எல்லாம் ஃபைபர் படகுக்கு மாறி ஆண்டுகள் பல ஆகின்றன. பாறையில் இடித்து முகம் கிழிந்த படகை மணலில் கவிழ்த்துப்போட்டு, கண்ணாடியிழை மேட் விரித்து, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்து, மறுநாள் கடலுக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கும் ஊரில், ஒரு காரின் தரை எந்த மூலைக்கு?

ஃபைபருக்குச் சொல்லவேண்டிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது துருப்பிடிக்காது. தீ வேண்டாம், கரண்டு வேண்டாம். வளைவு நெளிவுக்கெல்லாம் ஈரத்துணிபோல் படியும். கை பழகியவர் இருந்தால் ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. வெல்டிங்கிலோ முதல் தொல்லையே காற்றுதான். மெல்லிய தகட்டுக்கு ஏற்றது மிக் வெல்டிங். அதில் உருகும் இரும்பைச் சுற்றி வாயு ஒரு குடைபோல் நிற்கவேண்டும். மதியத்துக்குமேல் கடற்காற்று எழுந்தால் அந்தக் குடை பறந்துவிடும்; பற்று முழுவதும் ஊசித்துளை விழும். சாதாரண ஆர்க் வெல்டிங் தகட்டை ஓட்டையாக்கும், கேஸ் வெல்டிங் அப்பளமாய் நெளிய வைக்கும். இவ்வளவு சொன்னபிறகும் நான் வெல்டிங் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், பயணி இருக்கைப் பக்கம் கிடைத்தது.

அந்தப் பக்கத் தரை பார்வைக்குப் புத்தம்புதிதாக இருந்தது. சித்தப்பா காலத்தில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் தரைவேலை செய்ததாகச் சொல்வார்கள். பட்டைக்கத்தியை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். கல்லில் சரியாக வெந்த தோசை எழுந்து வருவதுபோல், இருக்கைவரைக்கும் முழுதாக எழுந்து வந்தது ஒரு ஃபைபர் ஏடு. அதன் அடிப்பக்கத்தில் தகட்டின் அச்சு பழுப்பாகப் பதிந்திருந்தது. தகட்டைத்தான் காணோம். ஈரமான பழுப்புத்தூள் இரண்டு கைப்பிடி இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. (அதைச் செய்திருக்கவேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள்.)

நடந்தது இதுதான். படகுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் தன் இனத்தோடு, அதாவது பழைய ஃபைபரோடு, நன்றாகக் கூடும். இரும்போடு அதற்கு ஒட்டுறவு குறைவு. வெயிலில் இரும்பு விரிவதைவிட அது கூடுதலாக விரியும். நாலு கோடையில் விளிம்பு மயிரிழை அளவு விலகிவிடும். அந்த இடுக்கில் ஈரமும் உப்பும் நுழைந்தால் வெளியேற வழி கிடையாது. மேலே பளபளப்பு, உள்ளே சமையல். ஒட்டும் திறன் கூடிய எபாக்சி ரெசினை வைத்தால் இது தள்ளிப்போகும், நிற்காது. அதிலும் ஒரு சிக்கல்: படகுக்கடையில் கிடைக்கும் மேட்டில் இழைகளைக் கோத்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைவதற்கென்றே செய்தது. எபாக்சியில் அது சரியாக நனையாது. எபாக்சி என்றால் நெய்த துணிதான்.

படகு வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் அந்த ஏட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படகுக்குள் இரும்பு இல்லை தம்பி, அதனால் எங்களுக்கு இந்த வம்பு இல்லை” என்றார். பிழைப்பு அதுதான் என்றாலும் தயங்காமல் சொன்னார்.

இந்தக் கரையின் காற்று அப்படிப்பட்டது. உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் நிறுத்தி அரிப்பை அளப்பதற்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் என்ற கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங்காகச் செய்து, மேலே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு தகடுகளுக்கு இடையிலான இடுக்குதான் உப்புக்கு வீடு. பாலத்துக்குச் சொன்ன அந்த நியாயம் காருக்கும் பொருந்தும். ஓட்டையைவிடப் பெரிய தகட்டை மேலே வைத்து ஓரத்தைப் பற்றவைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது ஃபைபர் ஏட்டுக்குத் தம்பி. வெட்டிய வடிவத்துக்கே தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பதுதான் வெல்டிங்.

இனி அந்த அக்காள்–தங்கை விவகாரம். ஹெரால்டின் உடல் தனி, அடிச்சட்டம் தனி. நடுவில் ஓடும் சட்டத்திலிருந்து இருபுறமும் கைகள் நீண்டு, ஓரத்தில் பக்கச்சட்டங்களைத் தாங்குகின்றன. உடல் அதன்மேல் போல்ட்டில் உட்காருகிறது. ஆகவே கதவுக்குக் கீழே தெரியும் ஓரத்தகடு இங்கே பெரும்பாலும் அழகுக்குத்தான். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச்சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அங்கே கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகடே வண்டியின் முதுகெலும்புக்குத் துணை. ஃபியட் 1100, பத்மினி போன்றவற்றில் தனிச்சட்டமே கிடையாது, தரையும் ஓரமும் சேர்ந்துதான் வண்டி. ஸ்பிட்ஃபயருக்கு எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு ஹெரால்டுக்காரர் வீணாகப் பயப்படுவதும், ஹெரால்டைப் பார்த்துவிட்டுப் பத்மினிக்காரர் ஓரத்தில் ஃபைபர் பூசுவதும் நடக்கிறது. முதலாவது பணச்செலவு. இரண்டாவது, வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூடாத ஒரு நாளில் தெரியவரும்.

என் பிரிவினை இப்படி அமைந்தது. அடிச்சட்டத்தின் கைகள், உடல் போல்ட் உட்காரும் இடங்கள், இருக்கையும் சீட் பெல்ட்டும் பிடிக்கும் இடங்கள், இவற்றைச் சுற்றியுள்ள தரை எல்லாம் இரும்பு. இதில் பேச்சுக்கே இடமில்லை. கியர்பாக்ஸின் மேலுள்ள மூடி ஹெரால்டில் கழற்றி மாட்டும் பாகம். கியர்பாக்ஸையே வண்டிக்குள்ளிருந்துதான் எடுக்கவேண்டும். சுமை தாங்காத அந்த மூடியை அண்ணனிடமே ஃபைபரில் செய்துகொண்டேன். இரும்பின்மேல் ஒட்டாமல் ஸ்குரூவில் நிற்கும் ஃபைபருக்கு நான் எதிரி இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றேன். ரெசினை இறுகவைக்கும் இரண்டு மருந்துகளில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி முடித்து, கேட்டலிஸ்டை வேறு மூடியில் அளந்தார். அவை இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் இரண்டு புட்டிகளையும் ஒரே தட்டில்கூட வைக்காதீர்கள்.

வெல்டிங்குக்கு முன்பு நான் மூன்று நாள் செலவழித்தது தண்ணீருக்கு. துருவைத் தேய்த்தால் போதும் என்று நினைப்பது தவறு. குழிகளுக்குள் இருக்கும் உப்பு போகாவிட்டால், மேலே என்ன பூசினாலும் கொப்புளம் எழும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடங்களில் பிடித்துவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவினேன். குடிதண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

துரு மாற்றும் மருந்துகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்தது கடையில் கிடைக்கிறது. கடுக்காய்க் கஷாயத்தையும் ஒரு பிராக்கெட்டில் பூசிப் பார்த்தேன். பழைய மை செய்யும் அதே வினை, பழுப்பு கண்முன்னே நீலக்கறுப்பாக மாறியது. பார்க்க இன்பம். கழற்றித் துடைக்கும் சின்னப் பாகத்துக்குச் சரி. தரைக்கு இரண்டையும் நம்பவில்லை, வெட்டி எடுத்தேன்.

தகடு 18 கேஜ். அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். துத்தநாகம் பூசிய தகடு வாங்கினால் பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டர்கள் சொல்வதை நம்பாமல், புகை முகத்துக்கு வராதபடி உட்காருவது மேல். டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கை முதலிலேயே கழற்றி வெளியே வைத்துவிட்டோம். அடிச்சட்டத்துக்கு நான்கு இடத்தில் முட்டுக்கொடுத்து, கதவின் இடைவெளியை மேலும் கீழும் அளந்து சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தேன். காலை ஏழு முதல் பதினொன்று வரை, காற்று எழும்வரைதான் வேலை. பொட்டுப் பொட்டாக, எதிரெதிர் மூலையில் வைத்து, கை பொறுக்கும் சூடு வந்தபிறகு அடுத்தது. இரண்டு வாரம் ஆனது. ஃபைபர் என்றால் இரண்டு நாள். இந்த வித்தியாசத்தை மறைக்கப் போவதில்லை.

பெயின்டுக்கு முந்திய அடிப்பூச்சு ரெட் ஆக்சைடா, எபாக்சி பிரைமரா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். இங்கே அதை மட்டும் பூசிவிட்டுப் பெயின்டுக்குக் காத்திருந்தால், அடியில் துரு தொடங்கிவிடும். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர்தான், அதுவும் தேய்த்த அன்றே. மாலையில் விட்ட வெள்ளை இரும்பு காலையில் பழுப்பாகிறது. அடியில் தார்ப்பூச்சு வேண்டாம் என்றேன். அது காய்ந்து வெடித்தால் இன்னொரு ஃபைபர் ஏடு. இளகியே இருக்கும் மெழுகுப்பூச்சு அசிங்கமாக மணல் அப்பிக்கொள்ளும், ஆனால் ஆண்டுக்கொருமுறை துடைத்துப் பூசலாம். பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பவர்கள் ரப்பர் புஷ்களையும் மண்ணையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

மேல் பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்தான் என்று முடிவு. ஈரக்காற்றில் வெளிறிப் பூக்கும் என்பதால் வாடைக்காலத்தில் தொடமாட்டேன். மாசி, பங்குனிக்கு வைத்திருக்கிறேன். பியூ என்னும் பாலியூரித்தேன் பெயின்ட் பளபளப்பு கூடும்தான். அதை இறுகவைக்கும் ஹார்டனரில் உள்ள, மூச்சுக்குக் கெடுதியான ஐசோசயனேட்டுக்குக் கைக்குட்டை முகமூடி எல்லாம் காணாது. வெளியிலிருந்து காற்று கொடுக்கும் முகமூடி என்னிடம் இல்லை.

நேற்று மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் பக்கத்துப் பற்றில், கிரைண்டர் படாமல் விட்ட ஒரு பிசிறின்மேல் மிளகளவு பழுப்பு. உப்புத்தாளும், மீதமிருந்த பிரைமரும், ஒரு குடம் நல்ல தண்ணீரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்தது.