‘எஃப்’ படிவமும் என் மகளின் வாயும்

லண்டனிலிருந்து சேலத்துக்கு வந்து செய்துகொண்ட என் வளைகாப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. வளையல், சாத வகைகள், யார் முதலில் நலங்கு வைப்பது என்ற சச்சரவு எல்லாம் முறைப்படி நடந்தன, உங்களுக்கும் தெரிந்ததுதான். என்னை எழுத வைத்தது சேலத்தில் நான் போன ஒரு ஸ்கேன் மையம். பெயர் வேண்டாம்.

ஸ்கேனுக்குக் காரணம் விமானம். 28 வாரம் கடந்த கர்ப்பிணியைப் பல விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் இல்லாமல் ஏற்றுவதில்லை. லண்டனில் என் பேறுகாலத்தைக் கவனிக்கும் மிட்வைஃப் எழுதிக் கொடுத்த கடிதம் பழையதாகிவிட்டது, திரும்பும் தேதியை ஒட்டிப் புதிதாக ஒன்று வேண்டும் என்றார்கள். ஊரில் பார்த்த மருத்துவரோ, “ஸ்கேன் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், அம்மா” என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு அரசு மருத்துவச் சேவை எடுப்பது இரண்டே ஸ்கேன்தான்: 12 வாரத்தை ஒட்டி ஒன்று, 20 வாரத்தை ஒட்டி ஒன்று. அதைக் கேட்ட பெரியம்மா, “அவ்வளவு பணக்கார நாட்டில் இவ்வளவு கஞ்சத்தனமா?” என்றார்.

அந்த 20 வார ஸ்கேனில் விருப்பப்பட்டுக் கேட்டால் ஆணா பெண்ணா என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் கேட்டோம். இரண்டாவதும் பெண். என் கணவருக்கும் எனக்கும் நான்கு வயது மகளுக்கும் மட்டுமே தெரிந்த சேதி அது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று விளக்கவும் வேண்டுமா?

மையத்தில் முதல் கேள்வி, “ஆதார் எங்கே?” இல்லை என்றேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையையும் நீட்டினேன். வரவேற்பு மேசைப் பெண் அவற்றை உள்ளே கொண்டுபோனார், வெளியே கொண்டுவந்தார், மறுபடியும் உள்ளே கொண்டுபோனார். கடைசியில், கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கச் சட்டப்படி நிரப்ப வேண்டிய ‘எஃப்’ படிவத்தை நீட்டினார். முகவரிக் கட்டத்தில் லண்டன் என்று எழுதியதும் வேறு படிவம் வந்தது. அப்பா வீட்டு முகவரிதான் வேண்டுமாம். உயிரோடிருக்கும் குழந்தைகள் எத்தனை, மகன் எத்தனை, மகள் எத்தனை, வயது என்ன என்ற இடத்தில் ஒரு மகள் என்று எழுதினேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து உறுதிமொழி: இந்த ஸ்கேன் மூலம் என் கருவின் பாலினத்தை அறிய நான் விரும்பவில்லை. ஏற்கெனவே அறிந்திருந்தவள் அதில் கையெழுத்திட்டேன். பொய்யும் இல்லை, விரும்புவதற்கு இனி என்ன இருக்கிறது?

பிறகு காத்திருப்பு. முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. எந்த மாதம் என்று கேட்காமலே எல்லோருக்கும், “தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.” கழிப்பறைச் சாவி வரவேற்பு மேசையில். முன்பதிவு செய்த நேரத்துக்கு அழைக்கும் லண்டன் மருத்துவமனையை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அங்கும் தாமதம் உண்டு; ஆனால் நாற்காலிக்கு முதுகு உண்டு.

என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கணவருக்கு அனுமதி இல்லை. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னவள் மகள். முதல் இரண்டு ஸ்கேனுக்கும் உள்ளே வந்து திரையில் கை காட்டியவள் அவள். கூடம் முழுவதும் கேட்கும்படி, “என் தங்கச்சிப் பாப்பாவை நானும் பார்க்க வேண்டும்!” என்றாள்.

தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. வரவேற்புப் பெண் ஓடிவந்தார். “மேடம், குழந்தையை அப்படிப் பேச விடாதீர்கள். நாங்கள் சொன்னோம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் கடையை மூட வேண்டியதுதான்.” லண்டனில் சொன்னது, அங்கே சட்டப்படி செல்லும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் பதறினார். “அதை இங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள்!” பக்கத்தில் என் அம்மா. அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும்.

எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தப் பெண்ணின் பயத்துக்குக் காரணம் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை. ‘எஃப்’ படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் அதையும் சட்ட மீறலாகவே கொள்வார்கள். மருத்துவர்கள் எதிர்த்து வழக்குப் போட்டும் 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தளர்த்தவில்லை. லண்டன் முகவரிக்கு வேறு படிவம் வந்ததன் பொருள் இதுதான். அதுவும் சேலம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம் என்ற குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கியது எங்கள் ஊரில்தான். அந்தத் தொட்டில்களில் விடப்பட்ட பெண்களுக்கு இப்போது ஏறக்குறைய என் வயது.

ஸ்கேன் செய்தவர் மருத்துவரே. லண்டனில் ஸ்கேன் எடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற சோனோகிராஃபர்தான் செய்வார். இவர் நிதானமாகப் பார்த்தார், எடையையும் நீரின் அளவையும் பொறுமையாக விளக்கினார், அறிக்கை கையோடு வந்தது. இந்த ஒன்றில் நம் ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. திரை மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. “இதயத் துடிப்பைக் கேளுங்கள், போதும்” என்றார். கருவின் பாலினத்தை நான் கண்டறியவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்று அவரும் அதே படிவத்தில் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்த ஒரு பெண் என் பக்கம் நகர்ந்தார். மடியில் ஒரு பெண் குழந்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. “அக்கா, லண்டனில் கேட்டால் சொல்லிவிடுவார்களா?” ஆமாம் என்றேன். “மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் சொல்வார்களா?” அதற்கு நான் என்ன சொல்ல? வரவேற்புப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி அந்தப் பெஞ்சின் மேல். அது இன்னும் இருக்கிறது.

ஆட்டோவில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. ஐந்து ரோடு தாண்டியதும், “பெரியம்மாவிடம் சொல்லாதே” என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, “நீயும்தான்” என்றார். அவளுக்கு விளங்கவில்லை. லண்டனில் பள்ளி ஆசிரியை முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரிடமும் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிய சேதி அல்லவா?

கடிதம் மறுநாள் கிடைத்தது. கர்ப்பமாக ஊருக்குப் போகிறவர்கள் லண்டன் மருத்துவக் குறிப்புகளின் நகல், ஊர் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, ஊர் முகவரி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள்வரை ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். முதுகுக்கு ஒரு தலையணை. மூத்த குழந்தையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போங்கள்.