வீட்டில் செய்த கேம் மெஷினும் வைஃபை டாங்கிளும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டிப் பார்த்த கதை

கையால் செய்த கேம் மெஷினில் வைஃபை தகராறு செய்தால் டிரைவரை (வைஃபை சிப்பை ஓட்டும் சாஃப்ட்வேர்) தேடி ஓடாதீர்கள். முதலில் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரே மெஷினைச் சில வருஷமாகச் சேலத்திலும் ஏற்காட்டிலும் மாற்றி மாற்றி ஓட்டியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். எந்தக் கோளாறும் சாஃப்ட்வேர் கோளாறு மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. வேஷத்தைக் கலைத்தால் உள்ளே மெலிந்த ஒயர், பத்தாத கரண்ட், தகரம், ஈரம், இந்த நாலில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. மூளை ராஸ்பெர்ரி பை ஸீரோ 1.3 என்ற குட்டிக் கணினி போர்டு. ஸீரோ வரிசை 2015 நவம்பரில் வந்தபோது அதில் வைஃபை கிடையாது. 2017-ல் வந்த ஸீரோ டபிள்யூவில்தான் சேர்த்தார்கள். என்னிடம் பழைய போர்டு சும்மா கிடந்தது, அதை வைத்தே கட்டினேன். 320×240 புள்ளிகள் கொண்ட எஸ்.பி.ஐ. திரை, ஒரு 18650 லித்தியம் செல், சார்ஜுக்கு டி.பி.4056 போர்டு, செல்லின் வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு உயர்த்த எம்.டி.3608 பூஸ்ட் போர்டு, 3டி பிரின்ட் எடுத்த கூடு. மேலே பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை 4.8 சாஃப்ட்வேர். சின்ன வயதில் கேசட் போட்டு டிவியில் ஆடிய ஆட்டங்களைத்தான் இதில் ஆடுகிறோம். ஆடுவதில் பாதிப் பங்கு ஏற்காட்டில் இருக்கும் அக்கா பையனுடையது.

ஆட வைஃபை தேவையில்லை. ஆனால் ஆட்டக் கோப்புகளை ஏற்ற, சேவ் செய்ததைக் கணினிக்கு இறக்க, செட்டிங்கை மாற்ற ஒவ்வொரு முறையும் கூட்டைத் திறந்து மெமரி கார்டைப் பிடுங்க யாருக்குப் பொறுமை? அதனால் யூ.எஸ்.பி.யில் செருகும் விரல்நுனி அளவு வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கி, அதன் தகர மூக்கைக் கழற்றிவிட்டு, போர்டின் பின்பக்கம் நேரடியாக சால்டர் செய்தேன். ஸீரோவின் முதுகில் பி.பி.22, பி.பி.23 என்று இரண்டு சிறு வட்டங்கள் இருக்கும். யூ.எஸ்.பி.யின் டேட்டா லைன்கள் அவை. பி.பி.1 ஐந்து வோல்ட், பி.பி.6 கிரவுண்ட். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, “டேட்டா ஒயரு ரெண்டையும் ஜோடியா முறுக்கி விடுங்க தம்பி, தனித்தனியா இழுக்காதீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். அந்த இணைப்பு இன்றும் அப்படியே நிற்கிறது.

இனி கோளாறு. மேஜையில் சார்ஜரில் போட்டிருக்கும்போது வைஃபை தங்கம். கையில் எடுத்து பேட்டரியில் ஓட்டினால் பத்து நிமிஷம் நன்றாக இருக்கும், பிறகு கனெக்‌ஷன் அறுந்துபோகும். திரை வெளிச்சத்தைக் கூட்டினால் சீக்கிரமே அறும். ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் வருகிற ஆட்டமாக இருந்தால் சில நேரம் மெஷினே ரீஸ்டார்ட் ஆகும். இதைச் சொன்னால் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: “ரியல்டெக் சிப்பா? டிரைவர் மாத்து.”

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ராஸ்பெர்ரி பை போர்டுகளில் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மின்னல் குறி வரும். ஸீரோ வரிசையில் அதைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட்டே இல்லை. கட்டளை கொடுத்துக் கேட்டாலும் எல்லாம் சரி என்றே சொல்லும். மூச்சுத் திணறிக்கொண்டே “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்கிற ஜாதி அது. நீங்கள்தான் மீட்டர் முனையை பி.பி.1-லும் பி.பி.6-லும் வைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 5.1. பெரிய கோப்பு ஒன்றை வைஃபையில் அனுப்ப ஆரம்பித்ததும் 4.6-க்குச் சரிந்து அங்கேயே ஊசலாடியது. இதுகூட முழு உண்மையில்லை. சாதாரண மீட்டர் காட்டுவது சராசரி. டாங்கிள் சிக்னல் அனுப்பும்போது கரண்டை விட்டுவிட்டு இழுக்கும். அந்தக் கண்ணிமைப் பள்ளங்கள் மீட்டரில் தெரியாது. நிஜத்தில் இன்னும் கீழே போயிருக்கும்.

ஏன் சரிகிறது? மெஷின் மொத்தமாக 5 வோல்ட்டில் 600 மில்லி ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3 வாட். பூஸ்ட் போர்டு அதில் 15 சதவீதத்தைச் சூடாக்கி வீணடித்தால் செல்லிலிருந்து எடுக்க வேண்டியது மூன்றரை வாட். செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஒயரில் ஓடுவது முழுசாக ஒரு ஆம்பியர். நான் செல்லுக்கும் பூஸ்ட் போர்டுக்கும் நடுவே வைத்திருந்தது பொம்மைகளில் வரும் சின்ன ஸ்லைடு ஸ்விட்ச், தலைமுடி மாதிரி ஒயர். இரண்டும் சேர்ந்து கால் ஓம் ரெசிஸ்டன்ஸ் காட்டினாலே அங்கே கால் வோல்ட் போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட பூஸ்ட் போர்டு இன்னும் அதிகமாக இழுக்கும், இன்னும் சரியும். செல் முழுசாக இருக்கையில் ஒழுங்காக ஓடி, கொஞ்சம் இறங்கியதும் தகராறு செய்ததற்குக் காரணம் இதுதான்.

ஸ்விட்ச்சைக் கனமானதாக மாற்றி, ஒயரைத் தடியாக்கி, நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன். டாங்கிளின் ஐந்து வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, அந்தப் பள்ளங்களை நிரப்ப, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதை டாங்கிளை ஒட்டியே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பிரயோஜனமில்லை. பூஸ்ட் போர்டின் திருகைச் சும்மா இருக்கையில் திருப்பாமல், மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் 5.1-க்கு வைத்து, அசையாமல் இருக்க அதன் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஏற்காட்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு குலுங்கினாலும் திருகு நகரவில்லை. அறுந்துபோகும் தொல்லை இதோடு ஒழிந்தது. டிரைவரில் ஒரு எழுத்துகூடத் தொடவில்லை.

சாஃப்ட்வேர் பக்கம் நிஜமாகவே இருந்தது ஒரு சின்ன விஷயம். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் டாங்கிள் தூங்கிவிடும். கணினியிலிருந்து உள்ளே போனால் ஒவ்வொரு எழுத்துக்கும் திக்கும். டிரைவரின் பவர் மேனேஜ்மென்ட்டைப் பூஜ்யமாக்கும் ஒரு வரியை, டிரைவர் செட்டிங் வைக்கும் மோட்ப்ரோப் கோப்புறையில் எழுதி வைத்தேன், தீர்ந்தது. பேட்டரி இதனால் சீக்கிரம் தீர்கிறதா என்றால், விளையாடும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆடும்போது வைஃபையையே அணைத்துவிடுகிறேன் என்பதும் ஒரு காரணம்.

அப்டேட் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சன். என் டாங்கிளின் சிப் ரியல்டெக் கம்பெனியின் ஆர்.டி.எல். 8188 இ.யூ.எஸ். மெஷினின் அடிப்படை சாஃப்ட்வேரான லினக்ஸ் கெர்னலின் பழைய பதிப்புகளில் இதற்கு ஒரு டிரைவர் இருந்தது. 6.3 பதிப்பை ஒட்டி அதை எடுத்துவிட்டு வேறொரு பொது டிரைவரிடம் இந்தச் சிப்பை ஒப்படைத்தார்கள். பழையதற்கு எழுதிய வரி புதியதில் செல்லாது. ஆட்டம் ஓடுகிற மெஷினுக்குப் புதுக் கெர்னல் எதற்கு? ஓடுகிறதை ஓடவிடுங்கள். டாங்கிள் வாங்கும்போதும் பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், ஒரே மாடல் பெயரில் பதிப்புக்கு ஒரு சிப் வைத்து விற்கிறார்கள். யூ.எஸ்.பி.யில் செருகியதைப் பட்டியலிடும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளை காட்டும் எண்தான் நிஜ ஜாதகம். சில புது டாங்கிள்கள் முதலில் தங்களை சி.டி. டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும், விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால். அதை வைஃபைக்கு மாற்ற யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற சாஃப்ட்வேர் தேவைப்படும். கையடக்க மெஷினுக்கு அந்த வம்பே வேண்டாம்.

கூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாங்கிளை முதலில் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன், இடம் அங்கேதான் இருந்தது. திரையின் முதுகில் இருக்கும் தகரம் சிக்னலை விழுங்கியது; அடுத்த அறைக்குப் போனாலே ஒரு கோடு. டாங்கிள் போர்டில் பாம்பு மாதிரி வளைந்து ஓடும் செப்புக்கோடுதான் ஆண்டெனா. அதைக் கூட்டின் மேல் விளிம்புக்கு, சுற்றிலும் பிளாஸ்டிக் மட்டும் இருக்கும்படி நகர்த்தியதும் சேலம் அஸ்தம்பட்டி வீட்டின் மொட்டை மாடி வரை எட்டியது. நண்பர் ஒருவர் இதே மாதிரி மெஷினுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்தகடு வெட்டிக்கொண்டு வந்தார். உருக்காலை இருக்கிற ஊர்க்காரர், வேறு என்ன செய்வார்? பார்க்க ஜோராக இருந்தது. வைஃபை செத்துவிட்டது.

ஏற்காடு வேறு மாதிரிப் பாடம் நடத்தியது. நாகலூர் போகும் வழியில் அக்கா வீடு. மழைக்காலத்தில் மூடுபனி வராண்டா வரை வந்து உட்காரும். மெஷின் ஒரு சீசன் முழுக்க அங்கே இருந்தது. ஒருநாள் போன் வந்தது: “மாமா, இது மறுபடி நெட் புடிக்கல.” இறக்கிக்கொண்டு வந்து, மெஷின் எழுதி வைக்கும் லாகைப் பார்த்தால் யூ.எஸ்.பி. வரியில் பிழை எண் மைனஸ் 71, திரும்பத் திரும்ப. டேட்டா லைனில் பேச்சு குழறுகிறது என்று அதற்கு அர்த்தம். கூட்டைத் திறந்தேன். டாங்கிள் பக்கத்து சால்டர் முனையைச் சுற்றி, துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்குத் தடவும் பசை) வெள்ளையாகப் பொரிந்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். நன்றாகக் காயவைத்து, முனையைப் புது ஈயத்தில் மறுபடி தொட்டுவிட்டு ஓட்டினேன், பிழை போயிற்று. விலை மலிவான ஃப்ளக்ஸ் பேஸ்ட் சேலத்து வெயிலில் சும்மா கிடக்கும், மலை ஈரத்தில்தான் வேலையைக் காட்டும். இப்போது கூட்டுக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன்.

மலையில் இன்னொரு குழப்பம் ஹாட்ஸ்பாட். போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போட்டால் இந்த டாங்கிளுக்கு அது இருப்பதே தெரியாது, இது 2.4 மட்டும்தான் பார்க்கும். போன் செட்டிங்கில் மாற்றினால் உடனே பட்டியலில் வரும். ரவுட்டர் 13-ஆம் சேனலில் இருந்தாலும் இதே கதை நடக்கலாம். எங்கோ கிடைத்த மாதிரி வைஃபை செட்டிங் கோப்பில் நாடு என்ற இடத்தில் யூ.எஸ். இருந்தால் 12, 13 சேனல்களை மெஷின் தொடாது. இந்தியாவுக்கு ஐ.என். என்று போட வேண்டும்.

கனெக்ட் ஆகியும் ஆட்டத்தின் அட்டைப்படங்கள் இறங்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். இந்தப் போர்டில் கடிகார பேட்டரி கிடையாது. கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே எழுந்திருக்கும். மூன்று நான்கு மாதம் அலமாரியில் கிடந்தால், இணையதளத்தின் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நேரம் சரியானதும் தானாகச் சரியாகும்.

புதிதாகக் கட்டுகிறவருக்கு இந்த டாங்கிளைப் பரிந்துரைப்பேனா? மாட்டேன். 2021-ல் வந்த ஸீரோ 2 டபிள்யூவை எடுங்கள். வைஃபை போர்டிலேயே இருக்கிறது, நான்கு கோர் வேறு. அதுவும் 2.4 மட்டும்தான். போர்டில் முக்கோணமாக வெட்டி விட்டிருக்கும் ஆண்டெனா பக்கம் தகரமோ பேட்டரியோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட் அதிகம் கேட்கும் என்பதால் மேலே சொன்ன ஒயர் கணக்கு அங்கே இன்னும் கறாராகப் பொருந்தும். பழைய ஸீரோ ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் தாராளமாக டாங்கிளோடு ஓட்டலாம், என்னுடையது ஓடுகிறது.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்றுதான், அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை. டி.பி.4056, சார்ஜ் கரண்ட் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால்தான் சார்ஜ் முடிந்தது என்று நிறுத்தும். ஆடிக்கொண்டே சார்ஜ் போட்டால் மெஷின் அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பதால் அது நிறுத்துவதே இல்லை. லோட் ஷேரிங் உள்ள, அதாவது ஆடும்போது மெஷினுக்கு சார்ஜரிலிருந்தே நேரடியாகக் கரண்ட் கொடுக்கும் சார்ஜ் போர்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கூட்டுக்குள் அடங்கும் அளவில். அதுவரை சார்ஜில் போட்டால் ஆடக்கூடாது என்பது அக்கா வீட்டுச் சட்டம்.