டிஜி-கீயில் பாகங்கள் வாங்குவது கட்டுப்படியாகுமா?

கோவையில் மோட்டார் பம்புகளுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளை வடிவமைக்கும் சிறு பட்டறை எங்களுடையது. மாதிரி போர்டுகளுக்கான பாகங்களைப் பல வருடங்களாக டிஜி-கீயிலிருந்துதான் தருவிக்கிறோம். "விலை அதிகமாயிற்றே?" என்று கேட்காத ஆள் இல்லை. அதிகம்தான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரிலிருந்து இயங்கும், மின்னணு பாகங்களை விற்கும் தனியார் நிறுவனம் இது. 1972இல் ரொனால்ட் ஸ்டோர்டால் என்பவர் தொடங்கினார். பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் மோர்ஸ் குறி அனுப்புவதற்கான 'டிஜி-கீயர்' கிட்தான் தொடக்கச் சரக்கு. போட்டியாளரான மௌசர், பங்குச் சந்தையில் உள்ள பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் குடைக்குள் இருக்கிறது. டிஜி-கீயோ பங்குச் சந்தைப் பக்கமே போகவில்லை. வாங்குகிறவனுக்கு அதனால் என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்பாலான ஐசிகளை (மின்சுற்றுச் சில்லுகளை) ஒன்றே ஒன்று கேட்டாலும் அனுப்புகிறார்கள், அது போதும்.

நான் காசு கொடுப்பது நம்பகத்துக்கு. வெளிச்சந்தையில் வாங்கிய ஐசியை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். சிலவற்றில் கறுப்புப் பூச்சு கரைந்து, பழைய எழுத்தைச் சுரண்டிய கோடுகள் தெரியும்; வேறு பெயர் அச்சிட்ட போலிகள் அவை. டிஜி-கீ, தயாரிப்பாளர்களின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர். ஒவ்வொரு பாகமும் தனிப் பையில், தயாரிப்பாளரின் எண்ணும் நாம் கொடுத்த குறிப்பும் அச்சிட்ட லேபிளோடு வருகிறது. ஈரத்தால் கெடக்கூடிய ஐசிகளுக்கு வெள்ளி நிறப் பை. உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் அட்டையும் இருக்கும். அட்டையின் நீலப் புள்ளி இளஞ்சிவப்பாகியிருந்தால், ஐசியை உலர்த்தாமல் சால்டரிங்குக்கு அனுப்பக்கூடாது.

அடுத்து, தேடல் வசதி. மின்னழுத்தம், அளவு, வெப்ப வரம்பு, கையிருப்பு என்று வடிகட்டிக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான பாகங்கள் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். உற்பத்தி நிற்கப்போகும் பாகம் என்றால் அதையும் அங்கேயே காணலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பி செராமிக் கெபாசிட்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று போட்டிருக்கும் பொடி கெபாசிட்டர், 12 வோல்ட்டில் பாதி மதிப்பைக்கூடக் காட்டாமல் போகலாம். அதற்கு, மின்னழுத்தம் ஏற மதிப்பு எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில்தான் பார்க்க வேண்டும்.

சிறு ஆர்டருக்குக் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து சரக்கின் விலையையே தாண்டிவிடலாம். அதனால் இரண்டு மூன்று வேலைகளுக்கானதைச் சேர்த்துத்தான் ஆர்டர் போடுகிறோம். கேஒய்சி ஆவணங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஒருமுறை கூரியர்காரர்கள் அதைக் கேட்டுப் பார்சலை நிறுத்திவைத்தார்கள். டிஜி-கீ தளத்தில் விற்கும் மூன்றாம் தரப்பு விற்பனையாளரின் சரக்கு தனிப் பார்சலாக வரும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உற்பத்திக்கு வந்துவிட்டால் ரெசிஸ்டர், கெபாசிட்டர்களை இங்குள்ள அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் முழு ரீலாக, அதாவது பாகங்கள் வரிசையாக அடுக்கிய டேப்பின் முழுச் சுருளாக, வாங்குவதே லாபம். போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரையும், மோட்டாருக்கான ஸ்விட்ச்களை இயக்கும் கேட் டிரைவரையும் மட்டும் டிஜி-கீயை விட்டு வேறிடத்துக்கு நாங்கள் மாற்றுவதில்லை. குறைந்த எண்ணிக்கையில் வாங்கினால் டிஜி-கீயில் டேப்பைத் துண்டாக வெட்டித் தருவார்கள்; முன்பகுதியில் வெற்று டேப் இல்லாததால் அதைப் பாகங்களைப் போர்டில் பொருத்தும் இயந்திரத்தில் ஏற்றுவது சிரமம். தனிக் கட்டணம் கட்டினால் ரீலில் சுற்றித் தருகிறார்கள். ஐம்பது போர்டுக்கு அது தாங்கும். ஐந்து போர்டு என்றால் கையால் சால்டர் செய்பவரிடமே கொடுத்துவிடுகிறோம்.